மாங்குளத்தில் சாமி படுத்திருக்கிறார்

குணவதி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, மலைக்கோயிலில் காலங்காலமாக உட்கார்ந்திருந்த கல் புத்தர் படுத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பழகியும் போயிருந்தது. அதனால் அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுகூட முதலில் யாருக்கும் தோன்றவில்லை.

மலேசியாவில் கிள்ளானிலிருந்து கிளம்பி, விமானம் ஏறி இறங்கி, அடைசலான வேனில் முழங்காலை மடக்கிக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்து, கம்போடியாவின் வடக்கு மலைகளுக்குக் கீழே தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து உழவு எந்திரத்தின் பின்னால் மாட்டிய பலகை வண்டியில் செம்புழுதியைத் தின்றுகொண்டே வந்தவளுக்கு, ஊர் இன்னும் கண்ணில்கூடப் படாத ஒரு வயலோரத்தில், பனைகள் வரிசையாக நிற்கிற இடத்தில் வண்டிக்காரன் எந்திரத்தை அணைத்ததும், வண்டி கெட்டுவிட்டது, இனி ஒரு அடி எடுத்து வைக்க என்னால் ஆகாது, இங்கேயே விழுந்து கிடக்கிறேன் என்றுதான் இருந்தது. வண்டி கெடவில்லை. அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவளுடைய பையைத் தலையில் தூக்கி வைத்து, தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நெல் அறுத்த தாளடி நடுவே முன்னால் நடந்தான். அவளும் நடந்தாள். எதிரே வந்த மாடுகளின் கழுத்து மணிகளுக்குள் வைக்கோல் அடைத்திருந்தது. ஒரு நாய் அவளைப் பார்த்துக் குரைப்பதற்கு வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டது. ஊர்ப்பெயர் த்ரப்பாங் ஸ்வாய். நம் பேச்சில் சொன்னால் மாங்குளம்.

அவள் சாமி பார்க்க வரவில்லை. சொவன்னியைக் கூட்டிக்கொண்டு போக வந்தாள்.

குணவதியின் கணவர் ராஜமாணிக்கம் பஸ் ஓட்டியவர்; ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வாதம் அடித்து விழுந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வேலைக்கு வந்த கம்போடியப் பெண்தான் சொவன்னி. அந்தப் பெயர் அவர்கள் வாயில் சொர்ணம் என்று ஆனது. அவள் வாயில் அவர்கள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவரைத் துடைத்தாள், மாற்றினாள், கஞ்சி புகட்டினாள், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தாள், ஏனென்றால் புரட்டாத உடம்பு புண்ணாகிவிடும். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. அடுத்து வந்த பெண்கள் ஒருத்தியும் நிலைக்கவில்லை. அன்றிலிருந்து குணவதிதான் துடைத்தாள், மாற்றினாள், புரட்டினாள். தூங்கினாள் என்று சொல்வதற்கில்லை, ஒரு புரட்டலுக்கும் அடுத்த புரட்டலுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு மணி எப்போது ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொவன்னியின் எண்ணுக்கு எத்தனை முறை அடித்தாலும் பதில் இல்லை. கடைசியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மகன் லோகனை லீவு போடச் சொல்லி, அப்பாவை அவன் கையில் விட்டுவிட்டு, நேரிலேயே வந்துவிட்டாள்.

தூண்மேல் நிற்கும் வீடொன்றின் கீழே உட்கார்ந்து கோணிச் சாக்குகளைப் பிரித்துப் பெரிய விரிப்பாகத் தைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குணவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, சத்தம் வரவில்லை.

"அக்கா, என்னக்கா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று காற்றுமாதிரி கேட்டாள்.

"ஏன்டி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"மெதுவாக்கா, மெதுவா. சாமி தூங்குறாரு."

எந்தச் சாமி, எங்கே என்று குணவதி கேட்கவில்லை. வீட்டில் ஒருத்தர் தூங்கினால் குரலைத் தணிக்க வேண்டும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். தணித்துக்கொண்டாள். "சரி, பேசணும் உங்கிட்ட," என்றாள். சொவன்னி, மேலே போவோம், நான் போய்ப் பார்க்கிற நேரம் என்றாள். வெயில் சாய்வதற்கு முன்னால் இருவரும் மலை ஏறினார்கள்.

ஏறும்போது சொவன்னி சொல்லச் சொல்லக் கேட்டதுதான் இதெல்லாம்.

முதலில் பார்த்தவர் சாரத், கோயில் காரியக்காரர். மழை பிடித்துக்கொண்ட ஒரு விடிகாலையில் சோற்றுக் கிண்ணத்தோடு போனபோது கர்ப்பகிருக வாசலில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மழைக்கு ஒதுங்கிய எவனோ உள்ளே போய்ப் படுத்துவிட்டான் என்று அதட்டப் போனவர், பாதத்தின் விரல்கள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதைப் பார்த்தார். அதட்டவில்லை. எட்டிப் பார்த்தார். பீடம் காலியாக இருந்தது. புத்தர் தரையில் வலப்பக்கமாகச் சரிந்து, உள்ளங்கையைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து, கண்ணை மூடியிருந்தார். சாரத் சோற்றைத் தலைமாட்டில் வைத்தார், கும்பிட்டார், மலை இறங்கி வீட்டுக்குப் போனார், ரேடியோவைக் குறை என்று மனைவியிடம் சொன்னார். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஊர் முதலில் கவலைப்பட்டது பாதங்கள் நனைகின்றனவே என்றுதான். தகரம் வேய்ந்தார்கள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் எப்படித் தூங்குவார் என்று ஒரு கிழவர் கேட்டார். தகரத்தைப் பிரித்துப் பனையோலை வேய்ந்தார்கள். அதன்பிறகு மோட்டார் சைக்கிள்கள் பனைவரிசையோடு நின்றன. கைபேசிகள் வாய் அடைத்துக்கொண்டன. பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை உதட்டசைவில் சொன்னார்கள், வாத்தியார் உதட்டைப் பார்த்தே தப்பைப் பிடித்தார். கல்யாணம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஆளுயர ஒலிபெருக்கிகள் பனையடியிலேயே நிறுத்தப்பட்டன, வாத்தியக்காரர்கள் வில்லைத் தந்தியில் படாமல் இழுத்தார்கள், சனங்கள் அதற்கும் ஆடினார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள்தான் பாடாய்ப் படுத்தின. கத்தித் தீர்த்தால் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோகிற சண்டை, முணுமுணுத்துப் போட்டால் வாரக்கணக்கில் இழுத்தது. பிறகு ஒரு சாவு. செத்தவளின் பெண்மக்கள் உடம்பருகில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், தாங்க முடியாதபோது ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வயலைத் தாண்டி ஓடினார்கள், பனையடியில் நின்று மாரடித்துக் கதறிவிட்டு, வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அழவும் இரும்பவும் பாடவும் என்று அந்தப் பனைவரிசை ஊருக்குப் பொதுவாகிவிட்டது.

நகரத்திலிருந்து வந்த இளம் பிக்குகள் இது பகவானின் கடைசிப் படுக்கை, வெள்ளை கட்டித் துக்கம் காக்க வேண்டும் என்றார்கள். கோயிலில் இருந்த வயசான பிக்கு குனிந்து, கல் மூக்குக்குக் கீழே புறங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இருக்கிறார். அலுப்பு, வேறொன்றுமில்லை," என்றார். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார், கயிறு கட்டித் தூக்கி உட்கார வையுங்கள் என்றார். எத்தனை நேரமாக ஜீப்பில் உட்கார்ந்து வந்தீர்கள் என்று பிக்கு கேட்டார். காலையிலிருந்து, என்றார் அதிகாரி. முதுகு எப்படி இருக்கிறது? அதிகாரி கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். சுற்றுமண்டபத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். பொழுது சாய எழுந்து, பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பனைவரிசை வரைக்கும் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் வாயிலிருந்துதான் சேதி பரவியிருக்க வேண்டும். அலுத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். செங்கல் சூளைப் பெண்கள், துணி ஆலைப் பெண்கள், லாரிக்காரர்கள், எல்லையில் நிற்கும் சிப்பாய் ஒருவன். மண்டபத்தில் படுத்தார்கள், தூங்கினார்கள், எழுந்து போனார்கள். யாருக்கும் நோய் தீரவில்லை. தீர வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

மேலே வந்து சேர்ந்தபோது குணவதிக்கு மூச்சு இரைத்தது. கல்லெல்லாம் பாசி. கோபுரத்தில் பாதி சரிந்து, அந்த இடத்தில் ஒரு இலுப்பை மாதிரி மரம் வளர்ந்திருந்தது. வாசலுக்கு எதிரே தலையில்லாத நந்தி படுத்திருந்தது, அதன் முதுகில் யாரோ மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். உள்ளே இருட்டில், மூலையோடு, சதுரமான பீடம். அதிலிருந்து ஒரு பக்கமாக நீண்ட கோமுகி.

"இது ஆவுடையார்டி. சிவன் கோயில் இது," என்றாள்.

"ஆமாக்கா. ரொம்ப முன்னாடி. அவரு போயிட்டாரு, இவரை அது மேல உக்கார வெச்சாங்க. அப்ப இருந்து உக்காந்துக்கிட்டே இருந்தாரு."

அடுத்தவர் ஆசனத்தில், சாய்மானமும் இல்லாமல். குணவதி வாசலில் நீட்டியிருந்த பாதங்களுக்கருகே உட்கார்ந்தாள். கும்பிடத்தான் குனிந்தாள், ஆனால் கை, பழக்கதோஷத்தில், ஒரு பாதத்தின் குதிகாலுக்கு அடியில் போய்விட்டது, பிறகு கணுக்காலின் எலும்பு மேட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தது. கல் சுத்தமாக, உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. புண் இல்லை.

"நல்லா பார்த்துக்கறே," என்றாள்.

சொவன்னி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே பக்கமாகப் படுத்திருந்ததில் இடுப்பருகே ஈரம் கோத்துக் கறுத்துப் போனதை முதலில் கண்டவள் அவள்தான். கிள்ளானில் அண்ணனுக்கு, ராஜமாணிக்கத்துக்கு, இடுப்பில் அப்படித்தான் கறுக்க ஆரம்பித்தது, புரட்ட வேண்டும் என்று அவள்தான் ஊரிடம் சொன்னாள். பகவான் வலப்பக்கமாகத்தான் படுப்பார் என்று பிக்குகள் தயங்கினார்கள். படுப்பார், ஆனால் எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஊரே மலை ஏறியது. கோணி விரிப்பை அடியில் கொடுத்து, ஆண்களும் பெண்களும் இரண்டு வரிசையாக நின்று, சொவன்னி கையை உயர்த்தித் தாழ்த்துகிற கணக்கில், மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லின் முழுக் கனத்தையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் புரட்டினார்கள். ஒருவருக்கு விரல் நசுங்கியது, ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விரிப்பும் ஒரு தடவைக்கு மேல் தாங்கவில்லை.

"சொர்ணம்," என்றாள் குணவதி. வேனில், வண்டியில், வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் இப்போது கிசுகிசுப்பாக வெளியே வந்தபோது வலுவே இல்லாமல் இருந்தது. "நீ என்கூட வாடி. அண்ணன் உன்னையேதான் தேடுறாரு. வாய் பேச வரலேன்னாலும் கதவு திறந்தா கண்ணு உன்னைத்தான் தேடுது. நீ என்ன கேட்டாலும் செய்யறேன்."

"எப்படிக்கா வருவேன்? நான் இல்லாம இவங்களுக்குப் புரட்டத் தெரியாது. கணக்கு தப்பினா கை ஒடிஞ்சிரும்."

"அங்க ஒரு மனுஷன் கிடக்கறாரு."

"தெரியும்க்கா."

"இது கல்லு, சொர்ணம்."

சொவன்னி தூங்குகிறவரின் முகத்தைப் பார்த்தாள், கேட்டிருக்குமோ என்று. அந்தப் பார்வையில்தான் குணவதிக்கு ஏதோ அறுந்தது.

"கல்லுடி அது!" என்று கத்தினாள். "கல்லுக்கு ஒரு ஊரே கூடிப் புரட்டுது! எனக்கு யாருடி இருக்கா? ராத்திரியும் பகலும் நான் ஒருத்திதானே! எனக்கு முடியலடி! என்னால முடியல, முடியல, முடியலடி!"

ஒரு மழைக்காலம் முழுவதும் உரத்த சத்தமே படாமல் இருந்த அந்தக் கருவறை அவள் குரலை வாங்கி, கோபுரத்துக்குள் ஏற்றி, மேலே பிளந்திருந்த இடத்தின் வழியாக மலைக்கு மேல் கொட்டியது. மரத்திலிருந்து பறவைகள் சிதறின. மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கீழே ஊரில் ஒரு நாய், பிறகு எல்லா நாய்களும், அடக்கி வைத்த குரைப்பையெல்லாம் குரைத்தன. வயலில் இருந்தவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு மலையைப் பார்த்து ஓடிவந்தார்கள். பிக்கு குடிசையிலிருந்து வெளியே வந்து நின்றார். குணவதி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

உள்ளே திருகைக்கல் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

முதலில் தோள் அசைந்தது. பிறகு இடுப்பு. முழங்கால் கொஞ்சம் மடங்கி, பாதங்கள் இரண்டும் வாசலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டன. தூக்கத்தில் தொந்தரவு பட்ட யாரும் செய்கிற மாதிரி, புத்தர் அவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி, கையைக் கன்னத்துக்கு அடியில் மறுபடி சரிசெய்துகொண்டு, ஆழமாக ஒரு மூச்சு விட்டார். தரையிலிருந்து தூசி எழும்பி அடங்கியது. தூக்கம் கலையவில்லை.

பிக்கு மெல்ல வந்து எட்டிப் பார்த்து, ஏதோ சொன்னார்.

"தானாவே திரும்பிக்கிட்டாரு, பாருங்கங்கறாரு," என்றாள் சொவன்னி.

அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. யாரும் குணவதியைத் திட்டவில்லை. விரல் நசுங்கினவர் முன்னால் வந்து அவளைக் கும்பிட்டார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இந்த வெளியூர் அக்கா வந்து ஒரு தடவை கத்திவிட்டுப் போனால் போதுமே என்று ஒருவர் சொன்னார். வேண்டாம், இனி அவர் இஷ்டப்படி திரும்பிக்கொள்வார் என்றார் சாரத். தைத்துக்கொண்டிருந்த விரிப்பைப் பிரித்து நெல்லுக்கே சாக்காக ஆக்கிவிடலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் அது ஏதோ புது மந்திரம் என்று நினைத்து, முடியலடி, முடியலடி என்று கிசுகிசுத்துக்கொண்டே மலை இறங்கினார்கள்.

எல்லோரும் போனபிறகு சொவன்னி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே இங்க நான் வேணும்னு சொல்ல முடியாதுக்கா."

குணவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா நான் வரல."

"எங்க வீட்ல உனக்கு என்னடி குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்லக்கா. முதல்ல எங்கம்மா படுத்தாங்க, அவங்களைப் புரட்டினேன். அப்புறம் சிங்கப்பூர்ல ஒரு சீனக் கிழவி. அப்புறம் அண்ணன். ஊருக்கு வந்தா சாமி. என் கை யாரையாவது புரட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. இப்பத்தான் ஒருத்தர் தானாத் திரும்பியிருக்காரு." நிறுத்தி, தன் உள்ளங்கைகளைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் முடியலக்கா."

சற்றுமுன் தன் தொண்டையிலிருந்து வந்ததை மறுபடி தன்னிடமே யாரோ மெதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது குணவதிக்கு. கோபம் வரும் என்று பார்த்தாள். அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

"அப்ப நான் என்னடி பண்ணட்டும்?"

"இப்பவா? இப்பப் படுங்க."

பாதங்கள் உள்ளே போய்விட்டதால் வாசலில் ஓலைக்கூரைக்குக் கீழே ஒரு ஆள் படுக்க இடம் வந்திருந்தது. சொவன்னி பாயை விரித்தாள். கட்டம் போட்ட துண்டை மடித்துத் தலைக்கு வைத்தாள். கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று குணவதி படுத்தாள். பகலெல்லாம் வெயில் குடித்த கல் பாயின் வழியே முதுகுக்குச் சூடு கொடுத்தது. உள்ளேயிருந்து அவர் மூச்சு, வெளியே மரத்தின் இலைகள், இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டன.

அப்போது கைபேசி அடித்தது. மலைமேல்தான் அலை ஒழுங்காகக் கிடைக்கும். அணைத்து வைக்கும்படி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எத்தனையோ வருஷமாக எந்தச் சின்னச் சத்தத்துக்கும் தானே எழுந்து நிற்கிற உடம்பு, இந்தத் தடவையும் காலை அசைத்தது. அசைத்து, அப்படியே விட்டுவிட்டது. சொவன்னி பையைத் துழாவி எடுப்பது கேட்டது.

"லோகன் தம்பியா? நான் சொர்ணம்."

மறுமுனையில் லோகன் படபடத்தான். "அம்மாவைக் கூப்பிடுங்கக்கா. அப்பாவைப் புரட்டணும், இறுக்கமா இருக்காரு, என்னால முடியல லா."

"அம்மா தூங்குறாங்க."

"எழுப்புங்கக்கா!"

"மாட்டேன். தம்பி, ஃபோனை அப்பா தலகாணி கிட்ட வைங்க. வெச்சாச்சா? அந்தப் பக்கத்து முழங்காலை மடக்குங்க. ஒரு கை தோளுக்குப் பின்னால. ஒரு கை இடுப்புக்குப் பின்னால. இப்ப இழுக்காதீங்க. அவர் மூச்சைக் கேளுங்க. உள்ள இழுப்பாரு, அப்ப சும்மா இருங்க. வெளிய விடுவாரு பாருங்க, அப்ப."

கண்ணை மூடிக்கொண்டே குணவதி கேட்டாள். கிள்ளானில் கட்டில் கிரீச்சிட்டது. மகன் முனகினான். பிறகு, எத்தனை பேர் நடுவில் என்றாலும் அவளால் பிரித்தெடுக்க முடிகிற அந்தப் பெருமூச்சு, சரியாகப் படுத்துவிட்டால் ராஜமாணிக்கம் விடுகிற அந்த மூச்சு, கடல் தாண்டி வந்து கோயில் வாசலில் விழுந்தது. வலித்தால் வருகிற முனகல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"திரும்பிட்டாரு," என்றான் லோகன். யாரும் சொல்லாமலே அவன் குரல் கிசுகிசுப்பாகத் தணிந்திருந்தது. "அம்மா எப்ப எந்திரிப்பாங்கக்கா?"

சொவன்னி குனிந்து அவள் முகத்தைப் பார்க்கிறாள் என்பது அவள் மூச்சு பட்டதில் தெரிந்தது. குணவதி விழித்துத்தான் இருக்கிறாள் என்று சொவன்னிக்கும் தெரிந்தது.

"தெரியல தம்பி," என்றாள். "அசந்து தூங்குறாங்க."

அது பொய். அவள் அதைச் சொல்லி முடித்து, கைபேசியை அணைத்து, வெயில் படாமல் குணவதியின் செருப்புகளை நிழலுக்குள் நகர்த்தி வைப்பதற்குள் உண்மையாகிவிட்டது.